இதய இரத்தக்குழாய் அறுவை சிகிச்சைக்குப் பின் நீரிழப்பு: உயிராபத்தைத் தவிர்க்க முழுமையான வழிகாட்டி

இதய அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்தவருக்குத் தண்ணீர் பற்றி இரண்டு அறிவுரைகள் தவறாமல் கிடைக்கும். நலம் விசாரிக்க வருபவர்களில் பாதிப் பேர் "நிறையத் தண்ணீர் குடியுங்கள்" என்பார்கள். மீதிப் பேர் "இதய நோயாளி தண்ணீரைக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும்" என்பார்கள். இருவரும் அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனால் நோயாளியின் எடை அன்று காலை என்னவாக இருந்தது என்பது இருவருக்கும் தெரியாது. அது தெரியாமல் சொல்லப்படும் எந்த அறிவுரையையும் பொருட்படுத்த வேண்டியதில்லை.

இந்த வழிகாட்டி பைபாஸ் செய்துகொண்டவர்கள், பெருந்தமனி வீக்கத்துக்கோ பெருந்தமனிச் சுவர்க் கிழிசலுக்கோ அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், அவர்களை உடனிருந்து பார்த்துக்கொள்பவர்கள் ஆகியோருக்கானது. வீட்டுக்கு அனுப்பும்போது உங்கள் மருத்துவர் எழுதிக் கொடுத்த குறிப்பும் இங்கே இருப்பதும் முரண்பட்டால், அவர் எழுதியதையே பின்பற்றுங்கள்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்ப்போம்: உடல் வீங்கியிருக்கும், குழாய் வறண்டிருக்கும்

70 கிலோ எடையுள்ள ஆணின் உடலில் ஏறத்தாழ 42 லிட்டர் நீர் இருக்கும். அதில் மூன்றில் இரண்டு பங்கு செல்களுக்கு உள்ளே இருக்கிறது. வெளியே இருக்கும் 14 லிட்டரிலும் பெரும்பகுதி திசுக்களின் இடைவெளியில்தான் தங்கியிருக்கிறது. இரத்தக்குழாய்களுக்குள் பிளாஸ்மாவாக ஓடுவது 3 லிட்டரை ஒட்டியே இருக்கும். இதயம் பம்ப் செய்வதற்குக் கிடைக்கும் நீர் அவ்வளவுதான். பெண்களுக்கும் முதியவர்களுக்கும் மொத்த நீரே இதைவிடக் குறைவு, ஆகவே இழப்பைத் தாங்கும் சக்தியும் குறைவு.

இதய-நுரையீரல் இயந்திரத்தின் உதவியோடு செய்யப்படும் அறுவை சிகிச்சையில், இரத்தம் செயற்கைக் குழாய்களின் வழியே ஓடிவருவதால் உடல் முழுவதும் அழற்சி உண்டாகிறது. நுண் இரத்தக்குழாய்களின் சுவர் தளர்ந்து, உள்ளே இருக்க வேண்டிய நீர் திசுக்களுக்குள் கசிகிறது. முகமும் கையும் காலும் உப்புகின்றன, எடை சில கிலோ கூடுகிறது. தெருக்குழாய் உடைந்தால் தெரு முழுக்க ஈரமாகிவிடும், வீட்டுக் குழாயிலோ தண்ணீர் வராது. அதே நிலைமைதான் இங்கேயும். பார்ப்பவர் கண்ணுக்கு உடலில் நீர் அதிகமாகத் தெரிகிறது, சிறுநீரகத்துக்கோ இரத்தம் போதவில்லை.

ஓரிரு நாட்களில் கசிவு அடங்கும். திசுக்களில் தேங்கிய நீர் மெல்ல இரத்தக்குழாய்களுக்குத் திரும்பி, சிறுநீராக வெளியேறத் தொடங்கும். இதை விரைவுபடுத்தத்தான் ஃபுரோசெமைடு போன்ற சிறுநீர்ப்பெருக்கி மாத்திரை, அதாவது பலரும் சொல்லும் நீர் மாத்திரை, தரப்படுகிறது. சரியான நாளில் அது மருந்து. தேங்கிய நீர் முழுவதும் போன பிறகும் தொடர்ந்தால், குழாய்க்குள் இருக்கும் நீரையே அது வெளியேற்றத் தொடங்குகிறது. வீட்டில் ஏற்படும் நீரிழப்புகளில் பல இந்த இடத்தில்தான் ஆரம்பிக்கின்றன. பசியின்மை, வயிற்றுப்போக்கு, காய்ச்சல் இவற்றில் ஏதாவது ஒன்று சேர்ந்துகொண்டால் இரண்டே நாளில் நிலைமை கைமீறிவிடும்.

இது எப்படி உயிர் வரை போகிறது

நீரிழப்பு நேரடியாகக் கொல்வது அரிது. ஏற்கெனவே தள்ளாடிக்கொண்டிருக்கும் உறுப்புகளை ஒவ்வொன்றாக அது சாய்க்கிறது.

முதல் அடி சிறுநீரகத்துக்கு. இதய அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு ஏதோ ஓர் அளவில் சிறுநீரகப் பாதிப்பு ஏற்படுகிறது. பெரும்பாலானவர்கள் தேறிவிடுகிறார்கள். சிலருக்கு டயாலிசிஸ் தேவைப்படும், அவர்களிடையே இறப்பு விகிதம் பல மடங்கு கூடுகிறது. சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவுப்பொருளான கிரியேட்டினின் இரத்தத்தில் சிறிதளவே உயர்ந்தவர்களிடம்கூட, உயராதவர்களைவிட இறப்பு அதிகம் என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. ஆகவே "சற்றுதான் கூடியிருக்கிறது" என்று அதைத் தள்ளிவிட முடியாது.

அடுத்து இதயத் துடிப்பின் ஒழுங்கு. பைபாஸ் செய்துகொண்டவர்களில் 4 பேரில் ஒருவருக்கு மேல், பெரும்பாலும் இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள், மேலறைத் துடிப்பு தாறுமாறாகிறது. பொட்டாசியமும் மக்னீசியமும் குறைந்தால் இதற்கான வாய்ப்பு கூடும். நீர் மாத்திரை வெளியேற்றுவதும் இதே உப்புகளைத்தான். துடிப்பு தாறுமாறானால் மேலறையில் இரத்தம் உறைந்து, மூளைக்குப் போய்ப் பக்கவாதம் வரலாம்.

இதயத்துக்குள் போதிய இரத்தம் வந்து நிரம்பினால்தான் அது வலுவாகச் சுருங்கும். பல ஆண்டுகள் உயர் இரத்த அழுத்தத்தோடு வாழ்ந்து, இதயச் சுவர் தடித்துப்போனவர்களுக்கு இந்தத் தேவை இன்னும் அதிகம். அவர்களுடைய இதயம் விறைப்பானது, உள்ளறை சிறியது. ஆகவே நீர் சற்றுக் குறைந்தாலே இரத்த அழுத்தம் சட்டென்று சரியும்.

மார்பு, வயிறு வழியே செல்லும் பெருந்தமனியில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்குத் தனியாக ஓர் ஆபத்து உண்டு. தண்டுவடத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் சிறு கிளைகள் பெருந்தமனியின் அந்தப் பகுதியிலிருந்துதான் பிரிகின்றன. சிகிச்சையில் சில கிளைகள் அடைபட்டிருக்கும். மீதமுள்ளவை நல்ல இரத்த அழுத்தத்தை நம்பியே வேலை செய்கின்றன. நீரிழப்பால் அழுத்தம் விழுந்தால், நன்றாக நடந்துகொண்டிருந்தவருக்குச் சில நாட்கள் கழித்துக்கூடக் கால்கள் செயலிழக்கலாம். அழுத்தத்தை விரைவாக உயர்த்தினால் கால்களை மீட்கும் வாய்ப்பு இருக்கிறது. எனவே இவர்களுக்குத் திடீரென்று கால் வலுவிழந்தால் அது அவசரநிலை.

படி 1: அறுவை சிகிச்சைக்கு முன்பே தொடங்குங்கள்

இரவு பத்து மணிக்கு மேல் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்ற பழைய கட்டளை இன்னும் பல இடங்களில் வழக்கில் இருக்கிறது. மயக்கவியல் வழிகாட்டுதல்களோ, பொதுவாக மயக்க மருந்துக்கு 2 மணி நேரத்துக்கு முன்பு வரை தெளிந்த நீர் அருந்தலாம், எளிய உணவை 6 மணி நேரத்துக்கு முன் நிறுத்த வேண்டும் என்கின்றன. வயிறு காலியாகத் தாமதமாகும் சிலருக்கு, குறிப்பாக நீண்டகாலச் சர்க்கரை நோயாளிகளில் சிலருக்கு, இது பொருந்தாது. "எத்தனை மணி வரை தண்ணீர் குடிக்கலாம்?" என்று மயக்க மருத்துவரிடம் கேட்டு, நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சிகிச்சை பிற்பகலுக்குத் தள்ளிப்போனால் மறுபடியும் கேளுங்கள். காலையில் சொன்ன விதியே மாலை வரை நீண்டு, நோயாளி வறண்டுபோய் மேசைக்குப் போவது நடக்கக்கூடியதுதான்.

ஆஞ்சியோகிராமுக்கும் சி.டி. ஸ்கேனுக்கும் ஏற்றப்படும் சாய மருந்து சிறுநீரகத்துக்குச் சுமை. அதற்குப் பிறகு உடனே அறுவை சிகிச்சை என்றால், இடையில் கிரியேட்டினின் பார்த்தார்களா என்று கேட்பது நல்லது. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகைச் சர்க்கரை மாத்திரைகள் சர்க்கரையோடு நீரையும் சிறுநீரில் தள்ளுபவை. இவற்றைத் திட்டமிட்ட அறுவை சிகிச்சைக்குக் குறைந்தது 3 நாட்கள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். இதய நோய்க்காகவே இவற்றை எடுத்துக்கொள்பவர்கள் இப்போது அதிகம் என்பதால், பட்டியலில் விடுபடாமல் சொல்லுங்கள்.

அறுவை சிகிச்சைக்கு முந்தைய நாளின் எடையையும் கிரியேட்டினின் அளவையும் எழுதி வையுங்கள். அடுத்த ஆறு வாரங்களுக்கு எல்லாவற்றையும் இந்த இரண்டு எண்களோடுதான் ஒப்பிடப் போகிறோம்.

படி 2: தீவிர சிகிச்சைப் பிரிவில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

இங்கே குடும்பத்தினர் செய்வதற்கு அதிகமில்லை. ஆனால் மருத்துவர் சொல்வது புரிந்தால் பதற்றம் பாதியாகும்.

சிறுநீர் அளவை மணிக்கு மணி பார்ப்பார்கள். ஒரு கிலோ எடைக்கு மணிக்கு 0.5 மி.லி. என்பது வழக்கமான எல்லைக்கோடு. 62 கிலோ எடையுள்ளவருக்கு அது மணிக்கு 31 மி.லி. இந்த அளவுக்குக் கீழே 6 மணி நேரம் நீடித்தாலோ, 48 மணி நேரத்துக்குள் கிரியேட்டினின் டெசிலிட்டருக்கு 0.3 மி.கி. உயர்ந்தாலோ, சிறுநீரகப் பாதிப்பின் முதல் நிலை என்று கணக்கிடுகிறார்கள்.

"சிறுநீர் குறைவாக இருக்கிறது, ஏன் டிரிப்ஸைக் கூட்டவில்லை?" என்ற கேள்வி எழும். நியாயமான கேள்விதான். ஆனால் சிறுநீர் குறைய நீர்க்குறைவு மட்டுமே காரணமல்ல. உள்ளே இரத்தம் கசிந்துகொண்டிருக்கலாம். இதயத்தைச் சுற்றியுள்ள உறையில் இரத்தம் தேங்கி இதயத்தை அழுத்தலாம். இதயத் தசையே சோர்ந்திருக்கலாம். நான்கிலும் இரத்த அழுத்தம் குறையும், நாடி வேகமாகும், சிறுநீர் குறையும். சிகிச்சையோ ஒவ்வொன்றுக்கும் வேறு. சோர்ந்த இதயத்துக்கு டிரிப்ஸை ஊற்றினால் நுரையீரல் நிரம்பிவிடும். அதனால்தான் எக்கோ எடுக்கிறார்கள், திசுக்களுக்கு இரத்தம் போதாதபோது கூடும் லாக்டேட்டை இரத்தத்தில் பார்க்கிறார்கள், சில சமயம் படுக்கையைச் சாய்த்துக் கால்கள் இரண்டையும் உயர்த்திப் பார்க்கிறார்கள். கால்களை உயர்த்தினால் அங்கிருக்கும் இரத்தத்தில் ஏறக்குறைய 300 மி.லி. இதயத்துக்குத் திரும்பும். அதனால் இதயம் வெளியேற்றும் இரத்தத்தின் அளவு கூடினால், டிரிப்ஸ் ஏற்றினாலும் பயன் தரும் என்று அர்த்தம். கூடாவிட்டால் வேறு காரணத்தைத் தேட வேண்டும். ஒரு சொட்டும் செலவில்லாத இந்தச் சோதனை எனக்கு மிகவும் பிடித்தது.

நீரை எவ்வளவு கட்டுப்படுத்துவது என்பதில் மருத்துவ உலகமே இரு பக்கமும் ஊசலாடியிருக்கிறது. பெரிய வயிற்று அறுவை சிகிச்சை செய்துகொண்ட 3,000 பேரிடம் நடந்து 2018-இல் வெளியான ரிலீஃப் ஆய்வில், நீரைக் கட்டுப்படுத்திய பிரிவில் 8.6 சதவீதத்தினருக்குச் சிறுநீரகப் பாதிப்பு வந்தது. தாராளமாகக் கொடுத்த பிரிவில் அது 5 சதவீதம். வயிற்று அறுவை சிகிச்சையின் முடிவை அப்படியே இதயத்துக்குப் பொருத்த முடியாது. ஆனாலும் குறைவாகக் கொடுப்பதே எப்போதும் பாதுகாப்பு என்ற நம்பிக்கையை அது அசைத்துவிட்டது.

படி 3: வார்டுக்கு மாறும் நாட்களில் கண்ணும் கருத்துமாக இருங்கள்

தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒவ்வொரு மணியும் கணக்கெடுத்தவர்கள், வார்டில் எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறைதான் பார்ப்பார்கள். டிரிப்ஸ் நின்றிருக்கும், நீர் மாத்திரை தொடங்கியிருக்கும், சாப்பாடு இறங்காது. வாய் கசக்கும், குமட்டும், எழுந்து தம்ளரை எடுக்க நெஞ்சு வலிக்கும். கேட்டால் குடிப்பார், கேட்காவிட்டால் குடிக்க மாட்டார். உடனிருப்பவரின் பங்கு மிகவும் தேவைப்படும் நாட்கள் இவை.

செய்ய வேண்டியது எளிது. தம்ளரின் கொள்ளளவைத் தெரிந்துகொண்டு, உண்மையில் உள்ளே போன அளவை மட்டும் குறியுங்கள். மேசையில் வைத்ததை எல்லாம் குடித்ததாக எழுதக் கூடாது. முழுத் தம்ளர் கொண்டுவந்து வைத்து, பாதி மீதியோடு எடுத்துப் போன பிறகும் 200 மி.லி. என்று எழுதப்படும் அட்டவணையால் ஒரு பயனும் இல்லை.

முதியவர் திடீரென்று இடம், நாள் தெரியாமல் பேசினாலோ, பகலெல்லாம் தூங்கி இரவெல்லாம் விழித்திருந்தாலோ, "வயதாகிவிட்டது, மயக்க மருந்தின் தாக்கம்" என்று விட்டுவிடாதீர்கள். நீரிழப்பும் சோடியம் மாறுபாடும் இதற்குப் பொதுவான காரணங்கள். செவிலியரிடம் உடனே சொல்லுங்கள்.

சிறுநீர்க் குழாயை எடுத்த பிறகு சிறுநீரே வரவில்லை என்றால், அடிவயிறு உப்பி வலிக்கிறதா என்று கவனியுங்கள். அப்படியானால் சிறுநீர் உள்ளே நிறைந்து வெளியே வராமல் இருக்கிறது, குறிப்பாகப் புராஸ்டேட் வீக்கம் உள்ள ஆண்களுக்கு. அவருக்குத் தண்ணீர் கொடுத்தால் வேதனைதான் கூடும்.

படி 4: வீட்டுக்குக் கிளம்பும் முன் கேட்டு வாங்க வேண்டியவை

மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் அவசரத்தில் கட்டுகளும் மாத்திரைப் பொட்டலங்களும்தான் கவனத்தில் இருக்கும். இவற்றையும் கேளுங்கள்: இன்றைய எடை, கடைசியாக எடுத்த கிரியேட்டினின், சோடியம், பொட்டாசியம், ஒரு நாளைக்கு மொத்தம் எவ்வளவு நீராகாரம், அடுத்த இரத்தப் பரிசோதனை எந்தத் தேதியில்.

எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி ஒன்று: நீர் மாத்திரையை எந்தத் தேதியில், அல்லது எந்த எடையில், நிறுத்த வேண்டும்? "அடுத்த முறை வரும்போது பார்க்கலாம்" என்று பதில் வந்தால், "அதற்குள் எடை அறுவைக்கு முந்தைய அளவுக்கு வந்துவிட்டால் என்ன செய்வது, யாரை அழைப்பது?" என்று பணிவாக மறுபடியும் கேளுங்கள். இந்த ஒரு கேள்விக்காக மருத்துவர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

படி 5: வீட்டில் தினமும் காலை ஐந்து நிமிடம்

எழுந்ததும் சிறுநீர் கழித்துவிட்டு, எதுவும் சாப்பிடும் முன், அதே எடைக்கருவியில், அதே அளவு உடையோடு எடை பாருங்கள். கருவி கெட்டியான தரையில் இருக்க வேண்டும். மார்பெலும்பு சேரும் வரை கைகளை ஊன்றி எழக் கூடாது என்பதால், எண்ணைக் குனிந்து படிக்கும் வேலையை வேறு ஒருவர் செய்யட்டும்.

பிறகு இரத்த அழுத்தம். ஐந்து நிமிடம் படுத்திருந்த பின் ஒருமுறை, எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள் ஒருமுறை. நிற்கும்போது மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் அது கவனிக்க வேண்டிய சரிவு. அருகில் ஒருவர் நிற்க வேண்டும். தலை சுற்றினால் உடனே உட்காரவையுங்கள். நாடி வேகத்தை மட்டும் நம்பாதீர்கள். இதயத் துடிப்பைக் குறைக்கும் மெட்டோபிரோலால் போன்ற மாத்திரை எடுப்பவருக்கு உடல் வறண்டாலும் நாடி வேகமாகாமல் இருக்கலாம்.

ஓர் உதாரணக் கணக்கைப் பார்ப்போம். 68 வயதுக்காரர், பைபாஸ் ஆனவர். அறுவைக்கு முன் எடை 62.0 கிலோ. வீடு திரும்பியபோது 64.2. காலையும் மாலையும் நீர் மாத்திரை. முதல் நாள் 63.6, இரண்டாம் நாள் 63.0, மூன்றாம் நாள் 62.3. இதுவரை எல்லாம் ஒழுங்கு. நான்காம் நாள் 61.4. ஐந்தாம் நாள் 60.5, படுத்திருக்கும்போது 124 ஆக இருந்த இரத்த அழுத்தம் நின்றதும் 98.

மூன்றாம் நாளிலேயே தேங்கிய நீர் ஏறக்குறைய முடிந்துவிட்டது. நான்காம் நாள் காலையே மருத்துவரை அழைத்திருக்க வேண்டும். குடும்பம் ஏன் அழைக்காது? வலது கால் இன்னும் வீங்கியிருக்கிறது, அதனால் நீர் இன்னும் வடியவில்லை என்று நினைக்கும். பைபாஸுக்காக எந்தக் காலிலிருந்து சிரையை எடுத்தார்களோ, அந்தக் கால் வாரக்கணக்கில் வீங்கியிருப்பது சகஜம். அதை வைத்து உடலின் நீரை அளக்கக் கூடாது. (அந்தக் காலில் புதிதாக வலியும் சூடும் கூடினால், உள்ளே இரத்தம் உறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது தனிப் பிரச்சினை.)

பசி இல்லாமல் சதையும் கரையும் என்பது உண்மை. ஆனால் அது வாரக்கணக்கில் மெல்ல நடப்பது. ஒரே நாளில் 900 கிராம் குறைந்தால் அது நீர்தான். குறுகிய காலத்தில் 1 கிலோ எடை என்பது 1 லிட்டர் நீர். எதிர்த்திசையிலும் இதே கணக்கு: ஒரு நாளில் 1 கிலோவுக்கு மேலோ, ஒரு வாரத்தில் 2 கிலோவுக்கு மேலோ கூடினால், நீர் தேங்குகிறது என்று மருத்துவருக்குச் சொல்ல வேண்டும்.

படி 6: எந்த அறிகுறியை நம்பலாம், எதை நம்பக் கூடாது

தாகத்தை நம்பாதீர்கள். முதுமையில் தாக உணர்வு மழுங்கிவிடும். தோலைக் கிள்ளிப் பார்ப்பதும் முதியவருக்கு உதவாது, அவர் தோல் எப்போதுமே தளர்ந்துதான் இருக்கும். சிறுநீர் மஞ்சளாக இருந்தால் நீரிழப்பு என்ற விதி, நீர் மாத்திரை எடுப்பவரிடம் செல்லாது. மாத்திரை வேலை செய்யும் நேரத்தில் உடல் வறண்டிருந்தாலும் சிறுநீர் தெளிவாகவே வரும்.

நம்பத்தக்கவை: எடை சரிவது, எழுந்தால் தலைசுற்றல், நேற்று நடந்த தூரத்தை இன்று நடக்க முடியாத அசதி, நாக்கும் வாயின் உட்புறமும் ஒட்டிக்கொள்வது, 24 மணி நேரச் சிறுநீர் குறைவது. சந்தேகம் வந்தால் ஒரு நாள் முழுக்க அளவுப் பாத்திரத்தில் பிடித்து அளந்துவிடுங்கள். மேலே சொன்ன 62 கிலோக்காரருக்கு 0.5 மி.லி. கணக்குப்படி நாளுக்கு 744 மி.லி. அதற்குக் கீழே போனால் சொல்ல வேண்டும்.

சர்க்கரை நோயாளிகள் இரத்தச் சர்க்கரை அளக்கும் கருவியிலும் ஒரு கண் வைக்க வேண்டும். அறுவைக்குப் பிறகு இரத்தச் சர்க்கரை ஏறுவது இயல்பு. 180-ஐத் தாண்டும்போது சர்க்கரை சிறுநீரில் இறங்கி, போகும்போது நீரையும் இழுத்துக்கொண்டு போகும். நிறையச் சிறுநீர் போகிறது, ஆகவே நீர் போதுமான அளவு இருக்கிறது என்ற முடிவு இவர்களிடம் தலைகீழாகிவிடும்.

படி 7: எவ்வளவு, எப்படிக் குடிப்பது

மருத்துவர் வரம்பு சொல்லியிருந்தால் அதுவே அளவு. வரம்பு எதுவும் சொல்லவில்லை, இதயத்தின் பம்ப் வலுவும் நன்றாக இருக்கிறது என்றால், நாளுக்கு 1.5 முதல் 2 லிட்டர் பலருக்கும் ஒத்துவரும். பால், தேநீர், சூப், பழச்சாறு, மாத்திரையோடு விழுங்கும் தண்ணீர் எல்லாம் இதில் அடக்கம்.

ஒரே மூச்சில் அரை லிட்டர் குடிப்பதில் பயனில்லை. விழித்திருக்கும் 16 மணி நேரத்தில் மணிக்கு 100 மி.லி. என்று பிரித்தால், சிரமமே இல்லாமல் 1.6 லிட்டர் உள்ளே போய்விடும். குமட்டல் உள்ளவருக்கும் இது இறங்கும். மாலைக்குப் பிறகு அளவைக் குறைத்தால், இரவில் கழிவறைக்குப் போய் இருட்டில் விழும் ஆபத்து குறையும்.

வயிற்றுப்போக்கில் வெறும் தண்ணீரை மட்டுமே ஊற்றினால் இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். உலக சுகாதார நிறுவனத்தின் உப்பு-சர்க்கரைக் கரைசலில் லிட்டருக்கு 75 மில்லிமோல் சோடியமும் அதே அளவு குளுக்கோஸும் இருக்கின்றன. குடலில் இரண்டும் சேர்ந்து நீரை உள்ளிழுக்கும் என்பதே அதன் சூட்சுமம். ஆனால் அதில் பொட்டாசியமும் இருக்கிறது. உடலில் பொட்டாசியத்தைத் தேக்கும் ஸ்பைரோனோலாக்டோன், ராமிப்ரில், லோசார்டன் எடுப்பவர்களும் சிறுநீரகம் பலவீனமானவர்களும் மருத்துவரைக் கேட்காமல் பொட்டலம் பொட்டலமாகக் குடிக்கக் கூடாது. இதயம் வலுவிழந்தவர்களுக்கு அதிலுள்ள சோடியமும் சுமை.

படி 8: வாந்தி, வயிற்றுப்போக்கு, காய்ச்சல் வரும் நாளில்

இந்த நாளுக்கான திட்டத்தை முன்கூட்டியே மருத்துவரிடம் எழுதி வாங்கிவிட்டால் நல்லது. ஏனென்றால் நலமாக இருக்கும் நாளில் உயிரைக் காக்கும் சில மாத்திரைகள், உடல் வறண்ட நாளில் சிறுநீரகத்தைக் கெடுக்கும். நீர் மாத்திரைகள், ராமிப்ரில், எனலாப்ரில், லோசார்டன், டெல்மிசார்டன் போன்ற இரத்த அழுத்த மாத்திரைகள், மெட்ஃபார்மின், டாபாகிளிஃப்ளோசின் வகை ஆகியவற்றை அந்த ஓரிரு நாட்கள் நிறுத்திவைக்க மருத்துவர் சொல்லக்கூடும். வழக்கம்போலச் சாப்பிட்டுக் குடித்து 24 முதல் 48 மணி நேரம் ஆன பின் மீண்டும் தொடங்கச் சொல்வார்கள். கேட்டுச் செய்யுங்கள், நீங்களாக முடிவெடுக்காதீர்கள்.

ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் போன்ற இரத்த உறைவுத் தடுப்பு மாத்திரைகளை இந்தப் பட்டியலோடு சேர்த்து நிறுத்திவிடாதீர்கள். புதிதாக வைத்த குழாய் அடைத்துக்கொள்ளாமல் காப்பவை அவைதான். மெட்டோபிரோலால் வகையைத் திடீரென்று நிறுத்தினாலும் இதயம் எகிறித் துடிக்கும். வார்ஃபரின் எடுப்பவர்கள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாவிட்டாலே ஐ.என்.ஆர்., அதாவது இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் எண், மாறிவிடும். பரிசோதனை நாள் வரை காத்திராமல் முன்கூட்டியே பார்க்க வேண்டும்.

வலிக்கு ஐபுபுரூஃபனையோ டைக்ளோஃபெனாக்கையோ கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ளவே கூடாது. பைபாஸை ஒட்டிய காலத்தில் இவ்வகை மாத்திரைகள் கூடாது என்பது கடுமையான எச்சரிக்கையாகவே அறிவிக்கப்பட்டிருக்கிறது. வறண்ட உடலில் இவை சிறுநீரகத்துக்கு வரும் கொஞ்சநஞ்ச இரத்த ஓட்டத்தையும் சுருக்கிவிடும். நீர் மாத்திரை, ராமிப்ரில் வகை, இந்த வலி மாத்திரை மூன்றும் சேர்வது சிறுநீரகத்துக்கு மிக மோசமான கூட்டு.

38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல் இருந்தால் நீர் கொடுப்பதோடு நிற்காதீர்கள். நெஞ்சுக் காயத்தில் சீழ், சிவப்பு, எலும்பு நகரும் சத்தம் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். மார்பெலும்புக்குப் பின்னால் ஏற்படும் தொற்றின் தொடக்கமும் வெறும் அசதியாகவும் பசியின்மையாகவும்தான் தெரியும்.

படி 9: இரத்த அறிக்கையை நீங்களே ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள்

இரத்தம் எவ்வளவு அடர்ந்திருக்கிறது என்பதை ஒரு சிறு கூட்டலில் மதிப்பிடலாம். சோடியத்தை இரண்டால் பெருக்குங்கள். குளுக்கோஸை 18-ஆல் வகுத்துக் கூட்டுங்கள். யூரியாவை 6-ஆல் வகுத்துக் கூட்டுங்கள். அறிக்கையில் யூரியா என்றில்லாமல் யூரியா நைட்ரஜன் என்று இருந்தால் 2.8-ஆல் வகுக்க வேண்டும். இந்த வேறுபாட்டைக் கவனிக்காவிட்டால் கணக்கு எங்கேயோ போய்விடும்.

சோடியம் 146, குளுக்கோஸ் 180, யூரியா 90 என்று வைத்துக்கொண்டால்: 292 + 10 + 15 = 317. 275 முதல் 295 வரை இயல்பு. 300-ஐத் தாண்டினால் நீரிழப்பு என்று சந்தேகிக்க வேண்டும். சிறுநீரகமே பழுதாகி யூரியா ஏறியிருந்தாலும் இந்த எண் உயரும். உப்பும் நீரும் சம அளவில் இழந்தவருக்கு, நீர் மாத்திரையால் வறண்டவருக்குக்கூட, எண் இயல்பாகவே இருக்கலாம். ஆகவே எண் நன்றாக இருக்கிறது என்பதற்காக எடைச் சரிவை ஒதுக்கிவிடாதீர்கள். கிரியேட்டினின் அறுவைக்கு முந்தைய அளவைப்போல ஒன்றரை மடங்கு ஆகியிருந்தால், மற்ற எண்கள் எப்படியிருந்தாலும் அன்றே மருத்துவரிடம் பேசுங்கள்.

படி 10: எப்போது காத்திருக்கக் கூடாது

மயங்கி விழுதல், மேல் இரத்த அழுத்தம் 90-க்குக் கீழ், 6 முதல் 8 மணி நேரமாகச் சிறுநீர் இல்லாமை, புதிதாக வந்த குழப்பப் பேச்சு, ஒழுங்கற்று வேகமாக ஓடும் நாடி, குடிப்பது எதுவும் தங்காத வாந்தி, கறுப்பு மலம், மூச்சுத்திணறல், புதிய நெஞ்சுவலி, கால் வலுவிழப்பு. இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். வாயில் தண்ணீர் ஊற்றி நேரத்தைக் கடத்த வேண்டாம். அரை மயக்கத்தில் இருப்பவருக்குத் தண்ணீர் மூச்சுக்குழாயில் போய்விடும்.

கழுத்துச் சிரைகள் புடைத்துக்கொண்டு, இரத்த அழுத்தம் விழுந்து, மூச்சும் திணறினால், அது பெரும்பாலும் நீரிழப்பு அல்ல. இதய உறையில் நீரோ இரத்தமோ தேங்கியிருக்கலாம். வீடு திரும்பி வாரங்கள் கழித்தும் இது வரலாம், குறிப்பாக இரத்த உறைவுத் தடுப்பு மருந்து எடுப்பவர்களுக்கு.

அங்கே பணியில் இருக்கும் மருத்துவர் உங்கள் நோயாளியை முதன்முறையாகப் பார்ப்பவராக இருப்பார். நடந்த கதையை ஆதியிலிருந்து சொல்லத் தொடங்காதீர்கள். "பைபாஸ் ஆகி 11 நாள். வீடு திரும்பியபோது 64.2 கிலோ, இன்று காலை 60.5. நீர் மாத்திரை இன்னும் எடுக்கிறார். நேற்றிலிருந்து வயிற்றுப்போக்கு. கடைசிக் கிரியேட்டினின் 1.1" என்று முதல் அரை நிமிடத்தில் சொல்லிவிட்டு, எடைக் குறிப்பேட்டையும் மாத்திரைப் பட்டியலையும் கையில் கொடுங்கள்.